ஒத்தக் கோடு

"இரும்பு பொய் சொல்லாதுலே, அதக் கேக்கவன்…" அதற்கு மேல் வரவில்லை. கேட்கிறவன் என்ன? கேட்கிறவன்தான் பொய் சொல்லுவான் என்றா, கேட்கிறவன் பணிந்து கேட்கணும் என்றா, என்னவோ ஒன்று. வெற்றிலை எச்சிலைத் துப்புவதற்காக வாக்கியத்தைப் பாதியில் நிறுத்தி, வாசலுக்குப் போய்த் துப்பிவிட்டு வந்து முடிப்பார் ஆவுடையப்பன் ஃபோர்மேன். அந்தப் பின்பாதிதான் இருபத்திரண்டு வருஷத்தில் எங்கேயோ கழன்று விழுந்துவிட்டது. முன்பாதி மட்டும் மஸ்கட் வெயிலிலும் கூடவே வந்தது, ஊர் திரும்பி இந்தப் பட்டறையைப் போட்ட பிறகும் கிடக்கிறது, பழைய தகர டப்பாவில் எந்த வண்டிக்கும் சேராத ஒற்றை நட்டு மாதிரி. இப்போது அந்தக் குரலே, திரவியம் வாங்கிப் போட்ட நீல நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, "என்னவே, ஃபேன் ஒண்ணு இல்லையா இங்க?" என்று கேட்கிறது. "கரண்டு இல்ல அண்ணாச்சி," என்றான். அண்ணாச்சி என்று தன் வாய் சொன்னதைத் தானே கேட்டான். எழுபத்து நாலு, எழுபத்தைந்து இருக்கும். கன்னம் ஒட்டிவிட்டது, மேல்வரிசைப் பல் புதிசு, முழங்காலில் ஒரு பட்டி. ஆனால் தோளை ஒரு பக்கம் சாய்த்து, கேட்கிறவன் தன்னைவிடக் குள்ளன் என்பதுபோலப் பேசுகிற அந்தச் சாய்மானம் அப்படியே இருக்கிறது. அவனை அவருக்குத் தெரியவில்லை. தெரிந்திருக்க வழியும் இல்லை. அவர் பட்டறையில் வேலை பார்த்த அன்றைக்குத் தலை நிறைய முடி, இருபத்தாறு வயது, ஒட்டடைக்குச்சி உடம்பு. இன்றைக்கு வழுக்கையும் நரைத்த தாடியும், நாற்பத்தெட்டு. மேலப்பாளையம் பள்ளிவாசலில் பாங்கு சொல்லி முடிந்திருந்தது. மீரானும் மற்ற இரண்டு பேரும் கையைக் கழுவிக்கொண்டு ஜும்ஆவுக்குப் போய்விட்டார்கள். திரும்பி வர முக்கால் மணி நேரம் ஆகும். முக்கால் மணி நேரம் இந்த ஆளும், இந்த ஆளுடைய வண்டியும், திரவியமும் மட்டும்தான். இப்படி ஒரு முக்கால் மணி நேரத்துக்காக எத்தனை வருஷம் காத்திருந்தான் என்று எண்ணிப் பார்க்க வேண்டியதில்லை, அது தானாகவே எண்ணிக்கொண்டுதான் இருந்தது.

வெளிறிப்போன சந்தன நிற வண்டி, நாலு சிலிண்டர், டிக்கியில் கேஸ் டாங்கி. நிற்கும்போதே உடம்பைத் தூக்கித் தூக்கிப் போட்டது, விக்கல் எடுத்தவன் மாதிரி மூன்று துடிப்பு சரியாக, நாலாவது வெறும் மூச்சு. "ஆத்துப் பாலத்து ஏத்தத்துல ரெண்டாவது கியர் போட வேண்டியிருக்குவே. எம் மருமகன் சொல்லுதான் பிளக்காம். அவன் பேங்க்ல சீல் குத்துதவன், அவனுக்கு என்ன தெரியும்? நான் கையை வச்ச உடனே சொல்லிட்டேன், ரிங்குன்னு. நாப்பது வருசம் ஃபோர்மேன் வே நான். இப்ப உள்ள பயலுவ கம்ப்யூட்டர மாட்டிட்டு வாயப் பாக்கானுவ. உம்மகிட்ட கம்ப்ரஷன் கேஜ் இருக்குன்னு சொன்னாவ, அதான் வந்தேன். நீரும் ரிங்குன்னு ஒரு வார்த்த சொன்னீர்னா அவன் வாய அடைச்சிரலாம்." திரவியம் எரிபொருள் பம்பின் ஃபியூஸைப் பிடுங்கினான், காயிலின் இணைப்பைக் கழற்றினான், நாலு பிளக்கையும் ஒவ்வொன்றாகச் சுழற்றி எடுத்து, எடுத்த வரிசையிலேயே கந்தைத் துணியில் வைத்தான். சூடான இரும்பு, கருகிய எண்ணெய், அதற்கு அடியில் வெற்றிலை வாசம். அந்த வாசத்தில் அவன் கை ஒரு நொடி நின்றது. ரிங்கு. இந்த ஆள் வாயிலிருந்து அந்தச் சொல் வரும்போது பழைய பாடம் தானாக ஓடத் தொடங்குகிறது, இன்னமும். முதல் ரிங்கின் வெட்டு இங்கே, இரண்டாவது அங்கே, எண்ணெய் ரிங் அதற்கும் அப்பால். பிஸ்டனைச் சுற்றிப் போடுகிற வளையத்தில் ஒரு வெட்டு இருக்கும். வளையங்களின் வெட்டுகள் ஆளுக்கொரு திசையைப் பார்க்க வேண்டும், எல்லாம் ஒரே கோட்டில் நின்றால் அழுத்தம் அந்தச் சந்து வழியே இறங்கி ஓடிவிடும். பாலிடெக்னிக் முதல் வருஷப் பாடம். அதை அவன் செய்யவில்லை என்று சொன்னார்கள்.

டாக்டருடைய வெள்ளைக் கார். அந்தக் காரை ஓட்டியது திரவியத்தின் அப்பா. பத்தொன்பது வருஷம் ஓட்டினார். எஞ்சின் புகைய ஆரம்பித்ததும் "எம் பையன் டிப்ளமா படிச்சவன், அவன் கையாலயே ரிங் மாத்தட்டும் சார்" என்று டாக்டரிடம் சொன்னதும் அப்பாதான். இரண்டு நாள், ஒவ்வொரு வளையத்தையும் ஆங்கிலப் புத்தகத்தில் போட்டிருந்த படத்தைப் பார்த்துப் பார்த்து, விரலால் வெட்டைத் தடவி, முதலாவது இங்கே, இரண்டாவது அங்கே. மூன்று பிஸ்டன் அவனுக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. நாலாவது ஞாபகம் இல்லை. நாலாவதைப் போடும்போது யாரோ கூப்பிட்டார்கள், டீ வந்ததா, லாரி ஒன்று பின்னால் எடுக்க இடம் கேட்டதா, போய்விட்டு வந்தான், பிறகு பிஸ்டன் உள்ளே இருந்தது. போட்டவன் அவன்தான், ஆனால் போடுகிற கை ஞாபகத்தில் இல்லை. மஸ்கட்டில் கட்டிலில் கண்ணை மூடினால் அந்த நாலாவது பிஸ்டன் வந்து நிற்கும், முகம் இல்லாத ஆள் மாதிரி. ஃபோர்மேன் மேல் எவ்வளவு வெறுப்பு வைத்திருந்தானோ அவ்வளவுக்கு அடியில் இந்தப் பயமும் இருந்தது, ஒருவேளை ஆள் சொன்னது நிஜமாயிருந்தால். அதனால்தான் வெறுப்பு சரியாக வேகவே இல்லை, பாதி வெந்த அரிசி மாதிரி பல்லில் அகப்பட்டுக்கொண்டே இருந்தது. அன்றைக்குக் கேஜை மாட்டி சிலிண்டருக்குள் அழுத்தம் எவ்வளவு என்று கம்ப்ரஷன் பார்க்கும்போது மட்டும் அவனை விலகி நிற்கச் சொன்னார் ஃபோர்மேன். "உன் வேலைய நீயே பாத்தா எப்படிலே? டாக்டரே சாவியத் திருப்பட்டும், அப்பதான் அவியளுக்கு நம்பிக்கை." பட்டறையில் பதினொரு பேர். டாக்டர் சீட்டில் பக்கவாட்டில் உட்கார்ந்து, வெயிலுக்குக் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு, இரண்டு காலையும் வெளியே தரையில் ஊன்றியிருந்தார். கறுப்பு ஷூ, முகம் பார்க்கலாம் போலப் பளபளப்பு. ஒரு சொட்டு எண்ணெய் அதில் பட்டுவிட, அப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்துக் குனிந்து துடைத்தார். இருபத்திரண்டு வருஷமாக அந்த ஷூ அவனுக்குத் தெரிகிறது, அப்பாவின் குனிந்த பிடரி தெரிகிறது, சாவி திரும்புகிற சத்தம் கேட்கிறது. முள் பாதிக்கு மேல் ஏறவில்லை. நாலு சிலிண்டரிலும். "நாலும் குறைவு டாக்டர். உங்க டிரைவர் மவன் நாலு பிஸ்டன்லயும் ரிங்க ஒத்தக் கோட்டுல போட்டிருக்கான்." யாரோ சிரித்தார்கள். அப்பா ஃபோர்மேனைப் பார்த்துக் கும்பிட்டார். டாக்டரைப் பார்த்து இல்லை, ஃபோர்மேனைப் பார்த்து. மறுநாளிலிருந்து அவன் பெயர் ஒத்தக்கோடு. வண்ணார்பேட்டை டீக்கடையில், லாரி ஆபீசில், உதிரி பாகம் வாங்கப் போனால் கல்லாவில். "ஏ ஒத்தக்கோடு, வா வா." அவன் மஸ்கட் போய் ஏழாவது வருஷம் அப்பா செத்தார். சாகும்வரைக்கும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஃபோர்மேன் சொன்னதை நம்பினார், அதனால் பேசவில்லை.

"என்னவே, நின்னுட்டேரு? யாராவது சாவியத் திருப்பணும்லா? உம்ம ஆளுவதான் பள்ளிக்குப் போயிட்டானுவளே. நான் திருப்புதேன்," என்று பெரியவரே எழுந்து போய் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தார். "திருப்புங்க அண்ணாச்சி." கேஜின் குழாயை முதல் துளையில் திருகினான். ஸ்டார்ட்டர் முனகியது, எஞ்சின் ஐந்தாறு முறை மூச்சை இழுத்து விட்டது, முள் தாவித் தாவி நின்றது. நூற்றுப் பதினைந்து. இந்த எஞ்சினுக்கு நூற்றெழுபதுக்குக் குறையக் கூடாது. இரண்டாவது, நூற்றுப் பத்து. மூன்றாவது, நாற்பத்தைந்து. நாலாவது, நூற்றுப் பதினைந்து. "எவ்வளவுவே?" சொன்னான். ஆளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "பாத்தேரா! நாலும் குறைவு. ரிங்குதான். உமக்கு ஒரு கதை சொல்லுதேன் கேளும். எங்கிட்ட ஒருத்தன் இருந்தான், டிப்ளமாக்காரன், இங்கிலீசு பொஸ்தகத்தத் தொறந்து வச்சிக்கிட்டுதான் ஸ்பேனரையே தொடுவான். நாலு பிஸ்டன்லயும் ரிங்க ஒத்தக் கோட்டுல போட்டுட்டான்வே! பொஸ்தகத்துல கோடு நேரா இருந்துச்சோ என்னமோ!" இருமலும் சிரிப்புமாக ஸ்டியரிங்கைத் தட்டினார். எத்தனை பேரிடம் சொல்லியிருப்பார்? சொல்லிச் சொல்லி மழமழவென்று ஆகிவிட்ட கதை. எந்த இடத்தில் நிறுத்தினால் ஆட்கள் சிரிப்பார்கள் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. "அவன் பேரு என்ன அண்ணாச்சி?" என்று கேட்டான் திரவியம், கேஜைக் கழற்றிக்கொண்டே. "பேரா? பேரு… மறந்து போச்சுவே. ஒத்தக்கோடுன்னுதான் சொல்லுவோம்." "பிரிச்சப்ப வெட்டு எல்லாம் ஒரே கோட்டுலயா நின்னுச்சு?" "யாரு பாத்தா? பயலுவதான் பிரிச்சானுவ, வேற ரிங்கப் போட்டானுவ. எதுக்குப் பாக்கணும்? கேஜ் சொன்னா சொன்னதுதான்."

யாரு பாத்தா. இரண்டே சொல். யாரும் பார்க்கவில்லை. பிரித்த எஞ்சினுக்குள் குனிந்து ஒரு நிமிஷம் பார்ப்பதற்கு யாருக்கும் தோன்றவில்லை, இவருக்கும் தோன்றவில்லை, அப்பா மட்டும் கும்பிட்டார். திரவியம் அலமாரிப் பக்கம் போனான். அடுத்து செய்ய வேண்டியது அவன் கைக்குத் தெரியும், குறைந்த சிலிண்டரில் ஒரு கரண்டி எண்ணெய் விட்டு மறுபடி பார்ப்பது. எண்ணெய் போய் வளையத்தின் சந்தை அடைத்து முள் ஏறினால் கோளாறு ரிங்கில், ஏறாவிட்டால் வால்வில். எண்ணெய்க் கேனுக்குப் பக்கத்தில் வால்வு தேய்க்கிற பேஸ்ட் டப்பா இருந்தது. மணலும் கொழுப்பும் குழைத்த மாதிரி சாம்பல் நிறத்தில், நகத்தில் எடுத்தாலே நறநறக்கும். சுண்டுவிரல் நுனியளவு போதும். எண்ணெயோடு கலந்து உள்ளே விட்டால் யாருக்குத் தெரியும், ஒரு மாதம் தாளமாகத் தேய்க்கும், சிலிண்டர் சுவர் முழுக்கக் கீறல் விழும், பிறகு அந்த ஆள் சொன்னது நிஜமாகவே நிஜமாகிவிடும், ரிங்கு, ரிங்கு, ரிங்கு. பாலத்து ஏற்றத்தில் புகையைக் கக்கிக்கொண்டு நிற்கட்டும், பின்னால் பஸ்காரன் ஹாரனை அமுக்கட்டும், மருமகன் சிரிக்கட்டும். கரண்டியில் எண்ணெய் ஊற்றினான். டப்பாவின் மூடி எப்போது கழன்றது என்று அவனுக்குத் தெரியவில்லை, அது இடது கையில் இருந்தது. மஸ்கட்டில் ரொமேல் என்று ஒரு பிலிப்பைன்காரன் இருந்தான், எஞ்சினைத் திறக்கும் முன்னால் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொள்வான். உள்ளே கிடப்பது மனுஷனுடைய வயிறு மாதிரி, அதில் போய்க் கெட்டது செய்யக் கூடாது என்பான். ரொமேலுக்கு என்ன, ரொமேலின் அப்பா யார் ஷூவையும் துடைக்கவில்லை. சுண்டுவிரல் பேஸ்டைத் தொட்டது. சில்லென்று இருந்தது, வெயிலிலும். "சட்டுனு வாரும்வே, காலு கடுக்கு," என்றார் பெரியவர். கரண்டியோடு திரும்பி, சாவியைத் திருப்பத் தயாராக இருக்கிறாரா என்று திறந்த கதவு வழியே பார்த்தான்.

பக்கவாட்டில் உட்கார்ந்திருந்தார். முழங்கால் சரியாக மடங்காததால் இரண்டு காலையும் வெளியே தரையில் நீட்டியிருந்தார். ரப்பர் செருப்பு, வெடித்த குதிகால். கை மட்டும் உள்ளே நீண்டு சாவியைப் பிடித்திருந்தது. இரண்டு கால், வெளியே, தரையில். ரப்பர் செருப்பு. கறுப்பு ஷூ. குனிந்த பிடரி. ஷூவில் ஒரு சொட்டு எண்ணெய், அப்பாவின் துண்டு, ஷூ, தரையில், வெளியே. கரண்டியிலிருந்து எண்ணெய் சொட்டி அவன் பெருவிரலில் விழுந்தது. "அண்ணாச்சி," என்றான், "ஆக்சிலேட்டர்ல கால் வைக்கலியா?" "எதுக்குவே? அதான் பெட்ரோல கட் பண்ணிட்டேரே. ஆக்சிலேட்டர மிதிச்சி என்னத்துக்கு?" அவர் கேட்டதில் கள்ளம் இல்லை. நிஜமாகவே தெரியாமல் கேட்டார். மிதித்தால்தானே காற்று போகிற வழியின் தகடு திறக்கும், காற்று போனால்தானே அமுக்க ஏதாவது இருக்கும். ஒருத்தனை மூச்சிழுக்க விடாமல் மூக்கைப் பொத்திவிட்டு, ஊதச் சொல்லி நெஞ்சில் தெம்பில்லை என்பதா? புத்தகத்தில் இருந்தது, தடித்த எழுத்தில், முழுவதும் திறந்து வைக்கவும் என்று. திரவியம் படித்திருந்தான். படித்ததால் ஒவ்வொரு முறையும் மிதித்தான். ஏனென்றால் அந்தப் பட்டறையில் எப்போதும் சீட்டில் உட்கார்ந்து சாவியைத் திருப்புகிறவன் அவன்தான். ஃபோர்மேன் எப்போதும் கேஜ் பக்கம். இரண்டு வருஷம், எந்த வண்டி வந்தாலும், அவன் கால் அடியில் மிதித்திருக்க, இவர் கண் மேலே முள்ளைப் பார்த்திருக்க, சரியான எண்கள் வந்துகொண்டே இருந்தன. அவன் சொல்லவில்லை, தெரிந்திருக்கும் என்று நினைத்தான். அவர் கேட்கவில்லை, கேட்க ஒன்றும் இருப்பதாகத் தெரியாது. அவன் காலை எடுத்த ஒரே ஒரு நாள், அந்த ஒரே நாள்தான், டாக்டரின் இரண்டு காலும் தரையில் இருந்தன. திரவியம் அங்கேயே நின்றான், ஷூவைப் பார்த்துக்கொண்டே நின்றான், இருபத்திரண்டு வருஷம் அந்த ஷூவையே பார்த்துக்கொண்டிருந்தான், அது எங்கே இருந்தது என்பதை மட்டும் பார்க்கவில்லை. இன்றைக்கும் வழக்கமாகச் சாவியைத் திருப்புகிற மீரான் இல்லாததால்தானே, மிதிக்கணும் என்று அவனுக்கு வேலைக்குச் சேர்ந்த நாளே சொல்லிக்கொடுத்து, பிறகு சொல்ல வேண்டியிராமல் போய், இன்றைக்கு இவரிடம் சொல்ல மறந்துவிட்டது. நாலாவது பிஸ்டன் கண்முன் வந்தது. இப்போது அதற்கு முகம் இருந்தது. முதலாவது இங்கே, இரண்டாவது அங்கே, அவன் விரல்தான், எண்ணெய் பூசிய விரல்.

கரண்டியையும் சுண்டுவிரலையும் துணியில் துடைத்தான். டப்பாவை மூடினான். "திருப்புங்க அண்ணாச்சி," என்று சொல்லி, பானெட்டுக்கு அடியில் ஆக்சிலேட்டர் கம்பி வந்து சேரும் நெம்புகோலை இடது கையால் முழுசாக இழுத்துப் பிடித்துக்கொண்டான். சீட்டிலிருந்து பார்த்தால் அது தெரியாது. நூற்று எழுபத்தைந்து. நூற்று எழுபது. மூன்றாவது, அறுபது. நாலாவது, நூற்று எழுபத்தைந்து. மூன்றாவதில் மட்டும் ஒரு கரண்டி சுத்தமான எண்ணெய் விட்டுப் பார்த்தான், அறுபத்திரண்டு. ஏறவில்லை. கரண்டு போகுமுன் கம்ப்ரஸர் டாங்கியில் ஏறியிருந்த காற்றைக் குழாய் வழியே அந்தத் துளையில் விட்டபோது பின்னால் சைலன்சர் ஓரமாக ஸ்ஸ் என்று சத்தம், தூக்கத்தில் ஆள் மூச்சு விடுகிற மாதிரி. ரிங்கு இல்லை, புகை போகிற வால்வு. மேல்மூடியைக் கழற்றி, வால்வை அமுக்கித் திறக்கிற டேப்பட்டின் இடைவெளியில் அளவுத் தகட்டை வைத்தான். நாலு தகட்டில் மெல்லிசானதும் நுழையவில்லை. கேஸில் ஓடுகிற வண்டிக்கு வருகிற நோய்தான், வால்வு தன் இருக்கையில் அமிழ்ந்து அமிழ்ந்து, கடைசியில் மூடவே இடம் இல்லாமல் போய்விட்டது. ஒரு ஸ்பேனர், ஒரு ஸ்க்ரூடிரைவர், கால் மணி நேர வேலை. இன்னும் ஒரு வருஷம் தாராளமாக ஓடும். "என்னத்தவே மேல தொறந்துட்டேரு? ரிங்கு கீழல்லா இருக்கு," என்று பெரியவர் சீட்டிலிருந்தே கூவினார். பிறகு, மருமகனைப் பற்றித்தான், தனக்குத்தானே சொல்வதுபோல, "நான் அவன்ட்ட படிச்சிப் படிச்சிச் சொன்னேன்வே. இரும்பு பொய் சொல்லாது, அதக் கேக்கவன் காதுதான் செவிடுன்னு."

காதுதான் செவிடு. அதுதான். இவ்வளவுதானா? இத்தனை வருஷம் இது ஏதோ பெரிய வாக்கியம் என்று நினைத்திருந்தான். ஆள் எமகாதகன் என்றும் திட்டம் போட்டுத் தன்னை அறுத்தான் என்றும் நினைத்து, அதற்குத் தகுந்த ஒரு பழியை வருஷம் வருஷமாகத் தேய்த்துத் தீட்டி வைத்திருந்தான். இவர் ஒன்றும் எமகாதகன் இல்லை. தெரியாத ஆள். தெரியாததைத் தெரியும் என்று நாற்பது வருஷம் பதினொரு பேருக்கு முன்னால் சொன்ன ஆள். எமகாதகனைக்கூட மன்னித்துவிடலாம் போலிருந்தது, அவனாவது யாரைக் கொல்கிறோம் என்று பார்த்துக் கொல்கிறான். எத்தனை எஞ்சினைப் பிரித்திருப்பார் இந்தக் காதை வைத்துக்கொண்டு, தான் போன பிறகு, வேறு எவன் எவனோ மிதிக்காமல் சீட்டில் இருந்தபோது? நல்ல ரிங்கை எத்தனை முறை கழற்றி எறிந்திருப்பார், எத்தனை பேருக்குப் பெயர் வைத்திருப்பார்? இப்படியே டேப்பட்டைச் சரிசெய்து சாவியைக் கையில் கொடுத்தால், வாசலைத் தாண்டுவதற்குள் சொல்லுவார், ரிங்கு மாத்தினான், நான் சொன்னது சரி என்று. ஆற்றுப் பாலம் தாண்டியதும் அந்தக் கதையையும் சொல்லுவார், ஒருத்தன் இருந்தான்வே, டிப்ளமாக்காரன். கதையில் அப்பா வரமாட்டார். கதையில் அப்பா ஒருபோதும் வந்ததில்லை, கும்பிட்ட கை எந்தச் சிரிப்புக்கும் தேவைப்படவில்லை. "சொல்லும்வே, ரிங்குதான?" என்றார். பல்செட்டு ஒரு பக்கம் இறங்கியிருந்தது, நாக்கால் அதை மேலே தள்ளிக்கொண்டார். கண்ணில் லேசாகப் பூ விழுந்திருந்தது. கேஜைக் கொடுத்தால் அவரால் எண்ணைப் படிக்க முடியுமோ முடியாதோ. தெருமுனையில் தொழுகை முடிந்து வருகிறவர்களின் தொப்பிகள் தெரிய ஆரம்பித்தன, வெயிலில் வெள்ளை வெள்ளையாக. மீரான் யாரிடமோ சிரித்துப் பேசிக்கொண்டு வந்தான். எதிரே டீக்கடைக்காரர் அடுப்பை மறுபடி பற்றவைத்தார், நாலைந்து பேர் பெஞ்சுக்கு வந்தார்கள்.

"கொஞ்சம் இரும் அண்ணாச்சி," என்றான் திரவியம், "எல்லாரும் வரட்டும்." மீரானையும் மற்ற இரண்டு பேரையும் டீக்கடைப் பெஞ்சில் இருப்பவர்களையும் வண்டியைச் சுற்றி நிற்க வைப்பது, கேஜைப் பெரியவர் கையில் கொடுப்பது, தான் சீட்டில் உட்கார்ந்து முதல் முறை இரண்டு காலையும் வெளியே தரையில் வைத்துக்கொண்டு சாவியைத் திருப்புவது, இரண்டாவது முறை முழுக்க மிதித்துத் திருப்புவது, இரண்டு முறையும் எண்ணை அவரையே சத்தமாகப் படிக்கச் சொல்வது, கண் தெரியவில்லை என்றால் மீரான் படிப்பது, பிறகு தன் பெயரைச் சொல்வது, டேப்பட்டை அதற்கப்புறம் சரிசெய்து கொடுப்பது என்று முடிவு செய்தான்.